டிரெய்லரைக் காயலான் கடைக்குப் போட்ட கதை

வாசலில் பத்து வருஷமாக நின்ற டிரெய்லரைக் காணோமே, என்ன விலைக்குப் போச்சு என்று காலை நடைக்கு வருகிற நண்பர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். காயலான் கடைக்குப் போச்சு என்றால் சிரிக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு ஆள் வந்தும் இரும்பு விலைக்குப் போட்ட மனுஷன் என்று என் சம்பந்தியே சொல்லிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற வருஷம் பட்டறையில் சொல்லிச் செய்த வண்டி அது. இரண்டு பேர் படுக்கக் கட்டில், தண்ணீர் டேங்க், அடுப்பு வைக்க மடக்குப் பலகை. என் பழைய மஹிந்திரா ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு சித்தேரிக்கும் வத்தல்மலைக்கும் போவோம். கல் பாதையில் அடி தட்டுகிறதே என்று, அச்சுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் பிளேட்டை அச்சுக்கு மேலே மாற்றி உயர்த்தினோம். ஜீப் டயரையே மாட்டினோம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. இறங்கும்போதுதான் தெரியும். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது; அதன் பாரத்தையும் ஜீப்பின் பிரேக்தான் பிடிக்க வேண்டும். உயர்த்திய வண்டி வேறு, வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். வத்தல்மலை கொண்டை ஊசி வளைவு ஒன்றில், இரண்டாவது கியரில் வந்தும், பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல ஜீப்பின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கியது. அன்றோடு என் வீட்டுக்காரம்மா அதில் ஏறுவதை நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

இந்த வண்டியைத்தான் புரோக்கர் "ஜீப்போடு ஜோடியா குடுத்துடுங்க சார்" என்றார். டிரெய்லருக்குப் பதிவே இல்லையே என்றேன். "கொக்கி இருக்குதில்லீங்களா, அது போதும்." ஜீப்புக்குப் பெயர் மாற்ற வேண்டாமா? "29, 30 ரெண்டு ஃபாரத்துலயும் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, வாங்கறவரு பாத்துக்குவாரு."

நம் ஊரில் பாதி வண்டிகள் இப்படித்தான் கைமாறுகின்றன. இது விற்பனையே இல்லை என்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 61-ஆம் பிரிவுப்படி, டிரெய்லருக்கும் மற்ற வண்டி போலவே பதிவு வேண்டும். பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. சட்டம் தெரியாமல் ஆறு வருஷம் இழுத்துத் திரிந்தவன்தான் நானும். தெரிந்த பிறகு இன்னொருவர் தலையில் கட்டுவது வேறு.

பெயர் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? வட இந்தியாவில் ஒருவர் 2007-இல் காரை விற்றார். அது இரண்டு மூன்று கை மாறியது. 2009-இல் அந்தக் கார் மோதி ஒரு பையன் இறந்துபோனான். இன்சூரன்ஸ் இல்லை. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்ட ஈடு அவர் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பென்ஷனில் காலம் தள்ளுகிற நம் வயதுக்காரர்கள் இதை யோசிக்க வேண்டாமா?

"பழசுன்னு தெரிஞ்சுதானே சார் வாங்குறான்" என்பார்கள். வாங்குகிறவனுக்குத் தெரியும், சரி. தொப்பூர் கணவாயில் அவனுக்கு முன்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு மொபெட்டில் போகிறவனுக்குத் தெரியுமா? பின்னால் வரும் டிரெய்லரில் பிரேக் இல்லை என்று அவனிடம் யார் சொல்வது?

பட்டறைக்காரரையே கூப்பிட்டு, அச்சையும் கொக்கியையும் கேஸ் கட்டரால் அறுக்கச் சொன்னேன். அப்படியே கொடுத்தால் காயலான் கடையிலிருந்தே யாராவது இழுத்துப் போய்விடுவார்கள். கட்டில் பலகையை மட்டும் எடுத்துத் திண்ணையில் போட்டிருக்கிறேன், படுக்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜீப் விற்பனைக்கு இருக்கிறது. அதில் எந்த மாற்றமும் செய்யவில்லை. வாங்க விரும்புகிறவர் என்னோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை வர வேண்டும். வெற்று ஃபாரத்தில் கையெழுத்து கிடையாது. புரோக்கர்கள் கதவைத் தட்ட வேண்டாம்.