முறைப்பெண்ணும் மெண்டலின் பட்டாணியும்

மெண்டலைப் பத்தாம் வகுப்பில் எல்லோரும் படித்திருப்போம். உயிரியல் எடுத்தவர்கள் பன்னிரண்டில் இன்னொரு தடவையும் படித்திருப்பார்கள். புன்னட் கட்டம் போட்டு, 3:1 என்று எழுதி, அடிக்கோடு இழுத்து, மதிப்பெண் வாங்கியதோடு மறந்தும் போயிருப்போம்! அந்தப் பாடம் நமக்கு உண்மையில் தேவைப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது: வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிற கூடம். அங்கே மட்டும் அதை நாம் கொண்டு போவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் பாடத்தைக் கொஞ்சம் தூசி தட்டுவோம்.

மெண்டலுக்கு முன்னால், அப்பாவின் குணமும் அம்மாவின் குணமும் பாலும் டிகாஷனும் மாதிரி கலந்துவிடும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். காபி கலந்த பிறகு பாலைத் தனியாகப் பிரிக்க முடியுமா? முடியாது. ஆனால் 1856 முதல் 1863 வரை ப்ரூன் நகரத்து மடாலயத் தோட்டத்தில் (இன்று செக் குடியரசில் இருக்கும் பிர்னோ) மெண்டல் வளர்த்த பட்டாணிச் செடிகள் வேறு கதை சொல்லின. நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தார். பிறந்தவை எல்லாமே நெட்டை. குட்டை ஒழிந்தது என்று நினைப்போம் இல்லையா? அந்த நெட்டைகளைத் தமக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை செய்யவிட்டார். அடுத்த தலைமுறையில் 1064 செடிகள். அதில் 787 நெட்டை, 277 குட்டை.

நாம் 787-ஐ 277-ஆல் வகுத்து 3:1 என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. திரும்பி வந்த குட்டைச் செடி, தாத்தா பாட்டி காலத்துக் குட்டையைப் போலவே அசல் குட்டையாக இருந்தது. அரைகுறை உயரத்தில் இல்லை. அதாவது அந்தக் காரணி கரையவில்லை. ஒரு தலைமுறை முழுக்க உள்ளே மறைந்திருந்து, அப்படியே வெளியே வந்திருக்கிறது. ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு காரணிகள், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பிள்ளைக்குக் கொடுக்கும்போது அந்த இரண்டில் ஒன்றுதான் போகும். அது எது என்பது சீட்டுக் குலுக்கல். இந்தக் காரணிக்குத்தான் 1909-ல் யோஹான்சன் 'ஜீன்' என்று பெயர் வைத்தார்.

ஓங்கு, ஒடுங்கு என்ற சொற்களும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகின்றன. ஓங்கு என்றால் பலசாலி, நல்லது என்றும் ஒடுங்கு என்றால் நோஞ்சான் என்றும் மனதில் பதிந்துவிடுகிறது. அப்படி ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்திருந்தால் எது வெளியே தெரியும் என்பது மட்டுமே அதன் பொருள். ஒடுங்கு ஜீன் ஒன்றை மட்டும் வைத்திருப்பவரைக் கேரியர் என்கிறார்கள் (டிபன் கேரியர் இல்லை!). தனக்குள் அது இருப்பது அவருக்கே தெரியாது.

சரி, இப்போது கூடத்துக்கு வருவோம்.

இந்தியாவில் சொந்தத்துக்குள் கல்யாணம் அதிகமாக நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. யாராவது கேள்வி கேட்டால் உடனே வரும் பதில்: "எங்க பரம்பரையில யாருக்கும் எந்த நோயும் இல்லையே!" குட்டைச் செடியே இல்லாத அந்த முதல் தலைமுறைப் பட்டாணிகளும் இதையேதான் சொல்லியிருக்கும். வெளியே தெரியவில்லை என்பதால் உள்ளே இல்லை என்று ஆகாது.

மெண்டலின் விதி மனித நோய்க்கும் பொருந்தும் என்பது முதலில் தெரியவந்ததே ஒரு விதத்தில் சொந்தத் திருமணங்களால்தான். சிறுநீர் காற்றுப்பட்டால் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியா என்ற அரிய கோளாறைப் பற்றி லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட் 1902-ல் எழுதினார். பெற்றோருக்கு ஒன்றும் இல்லை, பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் இருக்கிறது. அந்தப் பெற்றோரில் கணிசமானவர்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளாக இருந்து ஒருவரையொருவர் மணந்தவர்கள். இது மெண்டல் சொன்ன ஒடுங்கு பண்புதான் என்று பேட்சன் அடையாளம் காட்டினார்.

நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். ஒருவரிடம் ஒரு நோய்க்கான ஒடுங்கு ஜீன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே ஜீன் அவருடைய அக்காவிடம் இருக்கும் வாய்ப்பு 1/2. அக்கா மகளிடம் 1/4. அத்தை மகளிடமோ மாமன் மகளிடமோ 1/8. இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 1/4. ஆக, அக்கா மகளைக் கட்டினால் 1/16. மாமன் மகளைக் கட்டினால் 1/32. ஐம்பது பேரில் ஒருவர் கேரியராக இருக்கும் ஊரில், உறவே இல்லாத பெண்ணைக் கட்டினால் 1/200.

இதில் என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. பெரியப்பா மகள் நமக்குத் தங்கை. நினைத்துப் பார்க்கவே கூசும். அத்தை மகள் முறைப்பெண். கேலி செய்யலாம், கட்டிக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கணக்கில் இருவருமே 1/8 தான்! கோத்திரமும் அப்படியே. அப்பா வழியை மட்டும் பார்த்து எண்ணுவதால், மாமன் மகள் வேறு கோத்திரமாகிவிடுகிறாள். ஆனால் அம்மாவின் அப்பாவும் அவள் அப்பாவின் அப்பாவும் ஒரே தாத்தாதானே? முறை பார்ப்பது சமூகத்துக்கான ஒழுங்கு. அதை மருத்துவப் பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது.

உடனே என்னைச் சொந்தத் திருமணத்தின் பரம எதிரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். "மாமன் மகளைக் கட்டினால் பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும்" என்பதும் அதே அளவு அறியாமைதான். சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள். நெருங்கிய உறவு நோயை உண்டாக்குவதில்லை. ஒரே ஜீன் இரண்டு பக்கமிருந்தும் வந்து சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். மறுபக்கம், அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் அந்த வாய்ப்பு பூஜ்யம் இல்லை.

எனக்குக் கோபம் வருவது பிள்ளைக்கு நோய் வந்த பிறகு நடப்பதைப் பார்த்துத்தான். "மருமக வந்த நேரம்", "அவ வீட்டு ரத்தம்" என்று பழி பெண் மீது போகிறது. அவள் மாமியாரின் சொந்தத் தம்பி மகளாக இருந்தாலும்கூட! இந்த வகை ஒடுங்கு நோய் வர அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் வேண்டும். பாதிப் பங்கு பையனுடையது. இன்னொரு ஆபத்தான நம்பிக்கையும் உண்டு: "நாலுல ஒண்ணுன்னுதானே சொன்னாங்க, மூத்ததுக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்குப் பயமில்லை." சீட்டுக் குலுக்கலுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மறுபடி முதலிலிருந்து 1/4.

என்ன செய்யலாம்? தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்றவற்றுக்கு ஒருவர் கேரியரா என்பதை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் பீட்டா தலசீமியா கேரியர். 1980களில் அங்கே திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று கேட்கும் வழக்கம் வந்தது, தேவாலயமே முன்நின்றது. நிச்சயித்த கல்யாணங்கள் பெரும்பாலும் நடக்கவே செய்தன. நோயோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கைதான் மிகக் குறைந்துபோனது. நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் ஜீன் இருப்பது 1952-லேயே பதிவானது. அரிவாள் செல் ஒழிப்புக்கான தேசியத் திட்டம் வந்தது 2023-ல். எத்தனை தலைமுறை இடைவெளி பாருங்கள்.

எல்லா நோய்க்கும் பரிசோதனை கிடையாது என்பது உண்மை. ஆனால் மரபியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து இரண்டு குடும்பத்தின் கதையையும் சொல்ல ஒரு மணி நேரம் போதும். ஜாதகக் கட்டத்தை விரித்துப் பத்துப் பொருத்தம் பார்க்கப் பொறுமை இருக்கிற நமக்கு, நான்கே கட்டமுள்ள புன்னட் கட்டத்தைப் பார்க்க மட்டும் நேரமில்லையா?

மதிப்பெண் வாங்கியாகிவிட்டது. இனி அந்தப் பாடத்தை வீட்டிலும் பேசுவோம், நண்பர்களே. மாற்றுக் கருத்து இருந்தாலும் சொல்லுங்கள், விவாதிக்கலாம்.