மக்கும் பை சரி... உள்ளே என்ன கலந்தீங்க?

கோடை வந்தால் மொட்டை மாடியில் ஜவ்வரிசி வடாம் போடுகிறோம் இல்லையா? கூழைக் காய்ச்சி, மெல்லிசாக ஊற்றி, வெயிலில் விட்டால் சாயங்காலத்துக்குள் கண்ணாடி மாதிரி ஒரு ஏடு கிடைக்கிறது. 'ஸ்டார்ச் படலம்' என்று பெயர் வைத்து விஞ்ஞானிகள் லேபில் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்! பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்கு, சோளம், உருளைக்கிழங்கு மாவில் பை செய்ய முடியுமா என்ற ஆராய்ச்சி இந்த வடாத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று சொன்னால் தப்பில்லை.

ஆனால் வடாத்தில் தக்காளியைப் போட்டு வீட்டுக்குத் தூக்கி வர முடியுமா? காய்ந்தால் படக்கென்று உடையும். மழை நாளில் டப்பாவைத் திறந்து வைத்தால் நமுத்துப் போகும். செடி கொடியிலிருந்து வருகிற எல்லாப் படலத்துக்கும் இந்த இரண்டு வியாதியும் உண்டு. மாவானாலும் சரி, வாழைநார், கரும்புச் சக்கையிலிருந்து பிரித்த நாரானாலும் சரி... காய்ந்தால் முறுக்கு, நனைந்தால் கூழ்!

அதனால் ஏதாவது கலந்தே ஆக வேண்டும். கலக்காமல் 'சுத்தமான செடிப் பை' என்று ஒன்றை யாராவது உங்களிடம் விற்றால், முதலில் சந்தேகப்படுங்கள். நான் சொல்ல வருவது இதுதான்: மக்கும் பை நல்லதா கெட்டதா என்பதைச் செடி தீர்மானிப்பதில்லை. அதில் என்ன கலந்தார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. ஆனால் விளம்பரத்தில் செடியின் படம்தான் இருக்கிறது. கலந்த பொருளின் பெயர் பொடி எழுத்தில்கூட இருப்பதில்லை.

என்னதான் கலக்கிறார்கள்? முதலில் கிளிசரின். பனிக்காலத்தில் உதட்டு வெடிப்புக்குத் தடவுகிறோமே, அதேதான். சிக்கு விழுந்த கூந்தலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டால் சீப்பு வழுக்கிக்கொண்டு போகிறது பாருங்கள். மாவின் நீளமான மூலக்கூறுகளுக்கு நடுவே கிளிசரின் புகுந்து அதே காரியத்தைச் செய்கிறது. படலம் வளைகிறது, நெளிகிறது. இது சாப்பிடும் பொருள்களிலேயே சேர்க்கப்படுவது. பயமில்லை. ஆனால் கிளிசரினுக்கு ஒரு குணம்: காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்போது பழைய நமுத்துப்போகிற வியாதி இன்னும் கூடிவிடும். நாளாக ஆக கிளிசரின் வெளியே கசிந்துவிட்டால் படலம் மறுபடி உடைய ஆரம்பிக்கும்.

அடுத்து நார். வைக்கோல் கலந்த மண் சுவர் விரிசல் விடாது என்பது நம் பாட்டன் பூட்டனுக்கே தெரியும். கரும்புச் சக்கையிலிருந்தும் வாழைத் தண்டிலிருந்தும் எடுத்த நாரை, கண்ணுக்கே தெரியாத அளவு நுணுக்கி மாவோடு சேர்த்தால் படலத்துக்குப் பலம் கூடுகிறது. நல்ல விஷயம். ஆனால் நாரும் தண்ணீரைக் குடிக்கிற ஜாதிதான். கிழியாமல் காக்கும், நனையாமல் காக்காது.

இங்கேதான் பாலிமர் வருகிறது. தண்ணீரை உள்ளே விடாத ஒரு பாலிமரை மாவோடு உருக்கிக் கலக்கிறார்கள். இன்று மக்கும் பைகளில் அதிகம் சேர்வது 'பிபிஏடி' என்ற பொருள். இது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அய்யய்யோ என்று பதற வேண்டாம். பெட்ரோலியத்தில் பிறந்தாலும் இதன் மூலக்கூறுகளை நுண்ணுயிர்கள் அறுத்துத் தின்ன முடியும். பிறந்த இடம் வேறு, சாகிற விதம் வேறு! இன்னொன்று 'பிஎல்ஏ'. சோளம், கரும்பின் சர்க்கரையைப் புளிக்க வைத்து அதிலிருந்து செய்வது. மாவும் இந்தப் பாலிமர்களும் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி, சுலபத்தில் ஒட்டாது. ஒட்ட வைக்க சிட்ரிக் அமிலம் போன்ற தூது ஆள் வேண்டும். எலுமிச்சையில் இருக்கிற அதே புளிப்பு.

இந்தக் கலக்கிற கதை புதிதல்ல. மிட்டாய் சுற்றி வரும் சரசரப்பான கண்ணாடித் தாள் ஞாபகம் இருக்கிறதா? செல்லோபேன். 1908-ல் ஸ்விட்சர்லாந்துக்காரர் ஜாக் பிராண்டன்பர்கர் கண்டுபிடித்தது. முழுக்க முழுக்க மரநார்ச் சத்தில் செய்தது. தண்ணீர் சொட்டாது, ஆனால் ஈரக்காற்று உள்ளே போய்விடும். உள்ளே இருக்கும் பண்டம் பிசுபிசுக்கும். 1927-ல் அமெரிக்காவில் வில்லியம் ஹேல் சார்ச் என்ற ரசாயன நிபுணர், மெழுகும் நைட்ரோசெல்லுலோசும் சேர்ந்த ஒரு மெல்லிய பூச்சைக் கொடுத்து அதைச் சரி செய்தார். அதன் பிறகுதான் ரொட்டி, பிஸ்கட், சிகரெட் எல்லாம் செல்லோபேனுக்குள் போய் உட்கார்ந்தன. பெருமைக்கெல்லாம் காரணம் மேலே பூசிய அந்த மெல்லிய சமாசாரம்தான்! (செல்லோபேனும் அப்பழுக்கற்றது இல்லை. அதைத் தயாரிக்கப் பயன்படும் கார்பன் டைசல்பைடு ஆவி தொழிலாளிகளின் நரம்பையும் இதயத்தையும் பாதிக்கக்கூடியது. 'இயற்கை' என்ற வார்த்தைக்குப் பின்னால் யாராவது ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.)

ஏமாற்று வேலையும் பழையதுதான். சாதாரண பாலித்தீனில் கொஞ்சம் சோள மாவைத் தூவிவிட்டு 'மண்ணில் மறையும் பை' என்று அமெரிக்காவில் விற்றார்கள். மாவை நுண்ணுயிர்கள் தின்றன. பாலித்தீன் பொடிப்பொடியாக அப்படியே கிடந்தது. 1990-ல் பல மாநில அரசுகள் கோர்ட்டுக்கே போயின. பிறகு வெயில் பட்டால் நொறுங்கும்படி உலோக உப்புகளைச் சேர்த்த 'ஆக்ஸோ' பைகள் வந்தன. நொறுங்குவது வேறு, மக்குவது வேறு அல்லவா? ஐரோப்பிய யூனியன் 2021 ஜூலையிலிருந்து அவற்றை விற்கவே கூடாது என்று தடுத்துவிட்டது.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2019-ல் வெளிவந்தது. பல வகைப் பைகளை மண்ணில் புதைத்தும் கடலில் மிதக்கவிட்டும் மூன்று வருடம் காத்திருந்தார்கள். 'மக்கக்கூடியது' என்று அச்சடித்த ஒரு பையை மண்ணிலிருந்து தோண்டி எடுத்து, அதிலேயே கடைச் சாமான்களைப் போட்டுத் தூக்கிக் காட்டினார்கள்! கம்போஸ்ட் ஆகும் என்ற இன்னொரு ரகம் கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் இருந்தது, கனம் தாங்கவில்லை என்பது மட்டும்தான்.

ஏன் இப்படி? இந்தப் பைகளுக்குக் கொடுக்கும் பரீட்சையைப் பாருங்கள். சுமார் 58 டிகிரி சூட்டில், ஈரமும் காற்றும் அளவாக இருக்கும் கம்போஸ்டில், ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும். உங்கள் வீட்டு ரோஜாத் தொட்டி 58 டிகிரிக்குப் போகுமா? போனால் ரோஜா என்ன ஆகும்? நம் நாட்டுச் சட்டமும் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. இங்கே கம்போஸ்ட் பை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் கட்டாயம். கம்போஸ்ட் ஆவது என்றால் தொழிற்கூட முறையில்தான் என்கிறது விதி. ஆனால் கடைக்காரர் சொல்வது, "சும்மா தூக்கிப் போடுங்கம்மா, தானா மக்கிடும்!"

சரி, இது ஹெல்த் பத்திரிகை. உடம்புக்கு வருவோம்.

நம் ஊரில் பார்சல் என்றாலே சூடுதான். கொதிக்கிற சாம்பார், ஆவி பறக்கிற டீ, எண்ணெய் மிதக்கிற குருமா. மென்மையான ஒரு படலத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றும் சேர்ந்தால், கலந்திருக்கும் பொருள்கள் படலத்திலிருந்து உணவுக்கு இடம் மாற வாய்ப்பு அதிகம். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே தளர ஆரம்பித்துவிடும். மாவுப் பை விற்பவர்கள் சிலர் அதை வெந்நீரில் கரைத்துக் காட்டுகிறார்கள், கூட்டம் கை தட்டுகிறது. வெந்நீரில் கரைகிற பையில் சாம்பாரை ஊற்றினால் அது எங்கே கரையும் என்று யாரும் கேட்பதில்லை!

பேப்பர் கப்பும் இந்தக் குடும்பம்தான். நாரில் செய்த தாள், உள்ளே மெல்லிய பாலிமர் படலம். காரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 85-லிருந்து 90 டிகிரி சூடுள்ள வெந்நீரை ஊற்றிப் பார்த்தார்கள். 15 நிமிடத்தில் 100 மில்லி நீரில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் சேர்ந்திருந்தன. இந்தத் துகள்கள் உடம்புக்குள் போய் என்னென்ன செய்யும் என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடிவு வரட்டும் என்று தினம் மூன்று கப் குடித்துக்கொண்டே காத்திருக்க எனக்கு இஷ்டமில்லை.

கரும்புச் சக்கைத் தட்டு, கிண்ணம் விஷயம் இதைவிட முக்கியம். எண்ணெய் ஊறாமல் இருக்க வெளிநாடுகளில் இவற்றில் 'பிஃபாஸ்' என்ற ஃப்ளோரின் ரசாயனங்களைச் சேர்த்து வந்தார்கள். எதற்கும் அழியாததால் 'நிரந்தர ரசாயனம்' என்றே பட்டப் பெயர். தட்டு மக்கிவிடும், இது மட்டும் எருவில் தங்கி, மண்ணில் தங்கி, செடி வழியாகத் திரும்பி வரும். இந்தக் குடும்பத்தில் சில, கொலஸ்ட்ராலைக் கூட்டுவதோடும் தடுப்பூசியின் பலனைக் குறைப்பதோடும் தொடர்புள்ளவை. 'பிஎஃப்ஓஏ' என்ற ஒன்றை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023-ல் அறிவித்தது. உணவுத் தாள்களில் எண்ணெய் ஊறாமலிருக்கச் சேர்க்கும் பிஃபாஸ் வகைகளின் விற்பனை அங்கே நின்றுவிட்டதாக அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2024 பிப்ரவரியில் சொன்னது. இங்கே நாம் கல்யாணத்துக்குத் தட்டு வாங்கும்போது 'பிஃபாஸ் இருக்கா?' என்று கேட்கிறோமா? 'ரேட் என்ன?' என்பதோடு சரி!

"அப்போ பழைய பாலித்தீன் கவரே தேவலாம்கிறீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் வந்த தடை அவசியமானது. மாவு, நார்ப் படல ஆராய்ச்சியும் அவசியமானது. அது ஜெயித்தால் சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளி விவசாயிக்கு ஜவ்வரிசி ஆலையைத் தாண்டி இன்னொரு வாசல் திறக்கலாம். என் வருத்தமெல்லாம், இந்தப் படலத்தைத் தப்பான வேலைக்கு அனுப்புகிறோமே என்பதுதான். சமையலறைக் கழிவைக் கட்டி நகராட்சியின் உரக்கூடத்துக்கு அனுப்பும் பை, வயலில் களை முளைக்காமல் விரிக்கும் தாள், உலர்ந்த பண்டம் சுற்றும் உறை... இவைதான் அதற்குப் பொருத்தமான வேலை. அங்கே ஒரு நாள் மக்கினால் போதும், சூடும் எண்ணெயும் தாங்க வேண்டியதில்லை. கொதிக்கிற சாம்பாரைத் தாங்க வைக்கப் போய்த்தான் மேலும் மேலும் எதையாவது கலக்க வேண்டியிருக்கிறது. கலக்கக் கலக்க, மக்குவது தாமதமாகிறது.

உணவுப் பொட்டலத்தில் உப்பு, சர்க்கரை, சேர்த்த நிறம் வரைக்கும் அச்சடிக்கச் சொல்லுகிறோம். சாப்பாட்டைத் தாங்குகிற பைக்கும் அதே மாதிரி ஒரு சீட்டு வேண்டும்: எந்தப் பாலிமர், எவ்வளவு, எத்தனை டிகிரி வரை தாங்கும், எங்கே போட்டால் மக்கும். தொழில் ரகசியம் என்று கம்பெனிகள் சொல்லும். குழம்பில் கரையக்கூடிய பொருளில் என்ன ரகசியம்?

அது வருகிற வரைக்கும் நம் கையில் இருப்பதைச் செய்யலாம். பையில் சான்றிதழ் எண் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் அது வெறும் பச்சை மை. துணி மாதிரித் தெரியும் நெய்யாத பைகளைத் துணி என்று நம்பாதீர்கள், பெரும்பாலும் அது பாலிபுரோப்பிலீன். கூல் டிரிங்க்கோ பழமோ பேப்பர் கப்பில் பரவாயில்லை. சூடாக எதுவானாலும் எவர்சில்வர் தூக்கு, கண்ணாடி டம்ளர், வாழை இலை. "தூக்கைத் தூக்கிட்டு ஹோட்டலுக்குப் போறதா?" என்று வீட்டு இளசுகள் முகம் சுளிக்கலாம். காய்கறிக்குப் பை எடுத்துப் போகக் கற்றுக்கொண்டோமே!

ஹோட்டல்காரர்களிடமும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பார்சல் டப்பாவுக்கென்று பில்லில் ஐந்தோ பத்தோ சேர்க்கிறீர்கள். பாத்திரம் கொண்டு வருகிறவரிடம் அந்தக் காசை ஏன் வாங்க வேண்டும்? அடுத்த தடவை பார்சல் வாங்கும்போது நீங்களே கேட்டுப் பாருங்கள்.