எட்டு மணிக்குத் தோட்டத்தில் என்ன திறந்திருக்கிறது?

நம் தலைவர்களிடம் ஒரு சொற்பொழிவு உண்டு. தோட்டத்துக் கோயில் திருவிழா என்றாலும் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு என்றாலும் அதே சொற்பொழிவுதான்: குடிதான் நம் இனத்தைக் கெடுத்தது. கேட்கும் பெண்கள் தலையாட்டுவார்கள். அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. ஆண்கள் கொட்டகைக்குப் பின்னால் நின்று கேட்காத மாதிரி இருப்பார்கள். பேசி முடித்தவர் காடியில் ஏறிப் பட்டணம் போவார். அங்கே ஹோட்டலில் நிதி திரட்டும் விருந்து, மேசைக்கு இரண்டு போத்தல் விஸ்கி. அதை யாரும் குடி என்று சொல்வதில்லை.

எனக்கு விஸ்கி மேல் கோபம் இல்லை. ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைத்து, ஒன்றை நாகரிகம் என்றும் இன்னொன்றை இனத்தின் நோய் என்றும் சொல்கிறோமே, அதன் மேல்தான் கோபம்.

அண்மையில் கோலாலம்பூரில் ஒரு தோழியோடு இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். அவள் புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். அந்தப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு நிப்பா மட்டும்தான் ஞாபகம் வரும். 1998-99இல் பன்றிப் பண்ணைகள் வழியாகப் பரவிய அந்த நோயில் நாடு முழுக்க 105 பேர் செத்தார்கள். இராணுவம் இறங்கிப் பன்றிகளைச் சுட்டது. சனங்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பண்ணைகளைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் இருந்தன, அதில் தமிழர்கள் வேலை செய்தார்கள் என்பது ஞாபகத்தில் நிற்பதில்லை.

சாப்பிட்டு முடித்துப் பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் பழைய கடைவீட்டில் இருக்கும் ஒரு மதுக்கூடத்துக்குப் போனோம். 'ஜங்கிள் பேர்ட்' வாங்கினோம். ரம், கம்பாரி, அன்னாசிச் சாறு, எலுமிச்சை, சீனிப்பாகு. உலகமெங்கும் தெரிந்த இந்தக் கலவை 1970களில் கோலாலம்பூர் ஹில்டனில் பிறந்தது. தோழி கிளாஸில் செருகியிருந்த அன்னாசித் தழையைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்கப்பா குடிச்சதும் இந்த எழவுதான்டி. அவருக்கு யாரும் தழை செருகிக் குடுக்கல, அவ்ளோதான்."

இதுதான் விஷயம். ரம் கரும்பிலிருந்து வருவது. மலாயாவுக்குத் தமிழர்களைக் கூலிகளாகக் கொண்டுவந்த முதல் தோட்டங்களில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களும் உண்டு. காப்பியும் ரப்பரும் அப்புறம்தான். கரும்பு வெட்டியவனின் பேரன் மலிவுச் சாராயம் குடித்தால் குடிகாரன். கரும்புச் சாராயத்தையே ஐம்பது ரிங்கிட் கொடுத்துக் குடித்தால் நானும் அவளும் 'இரண்டு படித்த பெண்கள், வெளியே போயிருக்கிறார்கள்'.

அந்த ஐம்பது ரிங்கிட்டுக்கு நாங்கள் வாங்கியது சாராயம் மட்டுமா? முதுகு சாயும் நாற்காலி, மங்கலான விளக்கு, நல்ல ஐஸ், யாரும் எட்டிப் பார்க்காத மூன்று மணி நேரப் பேச்சு. குடிப்பதற்கு முன் வயிற்றில் சோறு. திரும்பிப் போக கிராப். மறுநாள் காலை ஒன்பது மணி வரை தூக்கம். மொத்தத்தில் ஒரு முழு மாலைப்பொழுதை விலைக்கு வாங்கினோம்.

தோட்டத்துக்காரனுக்கு அது கிடையாது. விடியும் முன்பே பெரட்டு. இருட்டினால் சாப்பாட்டுக் கடை இல்லை, படக்கொட்டகை இல்லை, கடைசி பஸ்ஸும் போயிருக்கும். லயத்து வீட்டில் மூன்று பேர் சேர்ந்து உட்காரக்கூட இடம் பத்தாது. சம்சு போத்தலை வாங்கிச் செம்பனைக்கு அடியில் குந்தி, வெறும் வயிற்றில், அவசர அவசரமாகக் குடித்து முடிக்கிறான். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. மாதம் 26 வேலைநாள் என்று வகுத்தால் நாளுக்கு 65. அவனுடைய ஒரு நாள் உழைப்புக்கு எங்கள் ஒரு கிளாஸ்; வரியும் சேவைக் கட்டணமும் போட்டால் மிச்சம் சில்லறைதான்.

'குடி தமிழன் இரத்தத்திலேயே ஊறியது' என்பவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்தது யார்? உரிமம் கொடுத்தது காலனி அரசு, கடைக்கு இடம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். காலையில் கொடுத்த கூலியின் ஒரு பகுதி சாயங்காலம் அதே எல்லைக்குள் திரும்பி வந்துவிடும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. அதே பட்டியலில் சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள், பெண்கள் மேல் கைவைக்காதே என்றார்கள், துரைக்கு முன்னால் சைக்கிளில் போக உரிமை கேட்டார்கள். பதிலுக்குப் படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். 1947இல் கடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தபோதும் போலீஸோடு மோதல், உயிர்ப்பலி.

சைக்கிளையும் கள்ளுக்கடையையும் ஒரே தாளில் எழுதியவர்களுக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒழுக்கப் பாடம் அவர்கள் கேட்கவில்லை. தங்கள் கூலியையும் மரியாதையையும் கேட்டார்கள். நம் தலைவர்கள் அந்தத் தாளிலிருந்து கள்ளை மட்டும் கிழித்து எடுத்து மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மற்ற கோரிக்கைகள் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை.

சட்டமும் இந்த இரண்டு பெயரைத்தான் எழுதுகிறது. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2020 நவம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மளிகைக் கடையிலும் சீன மருந்துக் கடையிலும் சாராயம் விற்கக் கூடாது என்றது அது. மதுக்கூடங்களுக்கு அந்தத் தடையை அது போடவில்லை. உட்கார்ந்து குடிக்கக் காசு உள்ளவன் குடிக்கலாம், நின்று குடிக்கிறவன் கூடாது. அப்படிப்பட்டவன் எங்கே போவான்? 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த சாராயம் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், பெயர்கூட நாளிதழில் ஒழுங்காக வரவில்லை.

நம் சிறுகதைகளும் சுத்தம் இல்லை. குடித்துவிட்டு வரும் அப்பா, மூலையில் அழும் அம்மா, மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கும் பிள்ளை. எத்தனை பரிசுக் கதைகள்! அந்த அப்பா காலையில் எத்தனை மரம் வெட்டினார், கிராணி எவ்வளவு பிடித்துக்கொண்டார், போத்தல் யாரிடம் வாங்கினார் என்று எழுதிய கதைகளை விரல்விட்டு எண்ணலாம். பிள்ளை வளர்ந்து பட்டணம் போய் வைன் குடிக்கும்போது கதை நாசூக்காக முடிந்துவிடுகிறது.

'அப்போ அடிவாங்கின பொம்பளைங்க?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தோழியின் அம்மாவும் அடிவாங்கியவர். குடித்தவன் அடித்ததற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அடித்தவன் மேல் வழக்குப் போடுங்கள். ஆனால் அதே குடியில் அதே மாதிரி அடிக்கும் பட்டணத்து டாக்டரையும் வக்கீலையும் எந்த மேடையில் பேசியிருக்கிறீர்கள்? அங்கே அடி கதவுக்குப் பின்னால் நடக்கிறது, லயத்துச் சுவரோ பலகை. அந்த வித்தியாசத்தை வைத்து ஒரு இனத்தின் குணத்தை எழுதுகிறீர்கள். தோழியின் அம்மாவுக்கு வேண்டியிருந்தது அவள் பெயரில் ஒரு சம்பளம், ராத்திரி ஓடிப்போகப் பக்கத்தில் ஒரு வீடு, புகாரை எழுதிக்கொள்ளும் ஒரு போலீஸ்காரர். அவளுக்குக் கிடைத்தது சொற்பொழிவு.

ஆகவே குடியைப் பற்றிப் பேச மைக் பிடிக்கிறவர்களுக்கு ஒரு நிபந்தனை வைப்போம். அந்தத் தோட்டத்தில் சாயங்காலம் எட்டு மணிக்கு என்னென்ன திறந்திருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். நூலகமா, பந்து விளையாட விளக்குப் போட்ட திடலா, ஒரு தேத்தண்ணிக் கடையா, கிளினிக்கா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? சம்சு எந்தக் கடையில், என்ன விலைக்கு? இதற்குப் பதில் தெரிந்தவர் பேசட்டும், நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம். தெரியாதவர் விருந்துக்கு நேரமாகிறது என்று கிளம்பலாம்.