பெரிய விசிறியா, பொருத்தமான விசிறியா?

ராமநாதபுரம் வீட்டு மொட்டைமாடியில் பேரன் தன் மாதிரி விமானத்தின் மோட்டாரை ஓட்டிப் பார்த்தான். அரை நிமிடத்தில் கருகல் வாசம். கடற்காற்றை எதிர்க்க வேண்டுமென்று 8 அங்குல விசிறியைக் கழற்றி 10 அங்குலம் மாட்டியிருக்கிறான்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது 'எலீஸ்'. கணக்கு எல்லா மொழியிலும் ஒன்றுதான். அதே வேகத்தில் சுற்ற இரு மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும்.

கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற எண். 2212 அளவு மோட்டாரில், 11.1 வோல்ட் பேட்டரிக்கு, 1000 கேவி என்றால் 10 அங்குலம். 2200 என்றால் 6 அங்குலமே. கேவி கூடினால் விசிறி சிறுக்க வேண்டும்.

கலாம் பிறந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு விமானம் வாங்கித் தருகிறோம். கூடவே ஒரு வாட் மீட்டரும் வாங்கித் தரவேண்டும் என்பது என் கட்சி. அளந்து பார்த்துவிட்டுப் பறக்கட்டும்.