சீட்டுக்கு நினைவு இல்லை

“என் மகன் கணக்கில் கெட்டிக்காரன். ஆயினும் வாரக் கூலியில் பாதியை மூன்று சீட்டு ஆடித் தோற்றுவிட்டு, ‘இத்தனை நாள் வராத சீட்டு இனி வந்தே தீரும்’ என்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்வது?” என்று ஒரு தாய் நமக்கு எழுதியுள்ளார்.

சூது தீது என்று கூறி நிறுத்திக்கொள்ள நாம் விரும்பவில்லை. அதனை அவன் பலமுறை கேட்டிருப்பான். அவன் நம்புவது கணக்கை. ஆகவே கணக்கைக் கொண்டே விடையளிப்போம்.

ஒரு கட்டில் 52 சீட்டுகள். இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என இனங்கள் நான்கு. இனத்திற்கு 13 சீட்டுகள். நன்கு கலைத்து ஒன்றை உருவினால் அது இராஜாவாக இருக்கும் வாய்ப்பு 52இல் 4, அதாவது 13இல் 1. வேண்டிய சீட்டுகளின் தொகையை உள்ள சீட்டுகளின் தொகையால் வகுத்துக் காணும் இதனையே நிகழ்தகவு என்பர்.

மூன்று சீட்டு ஆடுவோர் ஏங்குவது மூன்றும் ஒரே மதிப்பாய் அமையும் கைக்கே. முதற்சீட்டு எதுவாயினும் ஆகுக. எஞ்சிய 51இல் அதற்கு இணையானவை 3. அதாவது 17இல் 1. இரண்டாவதும் இணையாக வாய்த்தால், எஞ்சிய 50இல் இணையானவை 2. அதாவது 25இல் 1. இவ்விரண்டையும் பெருக்கினால் 425இல் 1.

“அப்படியாயின் 425 ஆட்டத்தில் ஒருமுறை வந்தாக வேண்டுமே! 400 ஆடிவிட்டேன், இனி அருகில்தான்” என்று மனம் கணக்கிடுகிறது. வழுக்கி விழும் இடம் இதுவே. ஓர் ஆட்டத்திற்குள், வெளிவந்த சீட்டு எஞ்சியவற்றின் கணக்கை மாற்றுவது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து நன்கு கலைத்தபின், முன் நடந்ததன் சுவடே கட்டில் இல்லை. 401ஆம் ஆட்டத்திலும் வாய்ப்பு அதே 425இல் 1. நூறு பேர் ஆளுக்கு 425 ஆட்டம் ஆடினால், ஏறத்தாழ 37 பேருக்கு அக்கை ஒருமுறையும் வாய்த்திராது.

இந்தத் தெளிவு அறிஞர்க்கும் எளிதில் வரவில்லை. பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தை நியாயமாகப் பங்கிடுவது எப்படி என்பது பழைய வினா. பிரான்சிஸ்கன் துறவி லூக்கா பச்சோலி 1494இல் வெளியிட்ட நூலில், அதுவரை அவரவர் வென்ற ஆட்டங்களின் அளவில் பிரித்தார். 1654இல் பாஸ்காலும் ஃபெர்மாவும் கடிதவழி ஆராய்ந்து, சென்றதை விடுத்து, இனி நிகழக்கூடியவற்றையே எண்ண வேண்டும் என்று நிறுவினர். நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது அக்கடிதங்களிலிருந்தே. அவர்கள் தேடியது வெல்லும் தந்திரத்தை அன்று, நியாயமான பங்கை.

பெற்றோர்களே, சீட்டுக்கட்டை அடுப்பில் எறிந்து பயனில்லை. கடையில் வேறு கட்டு கிடைக்கும். ஒரு மாலை பிள்ளைகளுடன் அமருங்கள். காசு வேண்டாம், தாளும் பென்சிலும் போதும். ஒவ்வொரு முறையும் முழுக்கட்டையும் கலைத்து, மூன்று சீட்டு எடுத்து, வந்ததை எழுதச் செய்யுங்கள். நூறு முறை எடுத்தும் அக்கை பெரும்பாலும் ஒருமுறைகூட வராது. பின்னர் இன்னொன்றையும் சொல்லுங்கள்: நால்வர் ஆடுமிடத்தில் ஒருவன் வெல்லும் பணம், மற்ற மூவர் வீட்டு அரிசிக்கு உரிய பணம். தோற்றதை மீட்கச் சீட்டு உதவாது, உழைப்பே உதவும்.