பொற்காசில் வெட்டு, கற்படுக்கையில் எழுத்து

பண்டைய உலகின் பேரரசுகள், சமயங்கள், தத்துவங்கள் என்றவுடன் நம் மாணவர் நெஞ்சில் தோன்றுவன உரோம், ஏதென்சு, அலெக்சாந்திரியா முதலிய தொலைதூர நகரங்களே. தேர்வுக்காகப் படித்துத் தேர்வறையிலேயே விட்டுவரும் பெயர்களாக அவை நின்றுவிடுகின்றன. அந்த உலகின் ஒரு பகுதி நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் புதுக்கோட்டை மண்ணின் கீழேயே கிடந்தது. இன்னொரு பகுதி நாம் பேருந்தில் கடந்து செல்லும் குன்றுகளின் மேல் இன்றும் கிடக்கின்றது. இதனை உணராத கல்வி நிறைவான கல்வியாகாது என்பது எமது கருத்து. அதனினும் மேலாக, இஸ்லாமியர் நடத்தும் ஒரு கல்லூரியின் தமிழ்த்துறைக்கு இப்பழமையைக் கற்பதிலும் காப்பதிலும் தனிக் கடமை உண்டு என்பதையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஐந்நூற்றொரு காசுகள்

1898ஆம் ஆண்டு, அன்றைய புதுக்கோட்டைத் தனியரசின் ஆலங்குடி வட்டத்திலிருந்த கருக்காக்குறிச்சி என்னும் சிற்றூரில் ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் இருந்தவை 501 உரோமப் பொற்காசுகள். அகஸ்தஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் தலையுருவங்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. காசு ஒன்றின் எடை ஏறத்தாழ ஒரு பவுன். எனவே, சற்றேறக்குறைய ஐந்நூறு பவுன் உரோமப் பொன் அந்தச் சிற்றூரின் மண்ணுக்குள் பதினெட்டு நூற்றாண்டுகள் உறங்கியது எனலாம். அதே ஆண்டிலேயே ஜி. எஃப். ஹில் என்னும் ஆங்கில நாணயவியல் அறிஞர் இவற்றை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அக்காசுகளுட் சில இன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. இலண்டன் அறிந்த கருக்காக்குறிச்சியை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

இப்பொன் இங்கு வந்த காரணம் வணிகமே. மிளகும் முத்தும் மணிகளும் மெல்லிய துணியும் மேற்கே சென்றன. பொன்னும் வெள்ளியும் கிழக்கே வந்தன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் மதிப்புள்ள செல்வத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறதென்று உரோம அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே மனம் வெதும்பி எழுதினார். செங்கடற்கரையில் எகிப்து நாட்டுப் பெரனிகேத் துறைமுகத்தில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு இந்தியச் சாடி ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. அக்கரையிலுள்ள குசைர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழி எழுத்தில் உள்ளன. எகிப்தின் கரையில் தம் பெயரைத் தமிழில் எழுதி வைத்த மக்கள் நம் முன்னோர்.

இனி, கருக்காக்குறிச்சிக் காசுகளின் தனிச்சிறப்புக்கு வருவோம். அவற்றுள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வேண்டுமென்றே வெட்டப்பட்டிருக்கிறது. ஏன் வெட்டினர்? பொன்னின் தரத்தைச் சோதிக்கவே வெட்டினர் என்பாரும் உளர். உருவத்தின்மீது கொண்ட வெறுப்பால் வெட்டினர் என்பாரும் உளர். வெட்டுகள் யாவும் தலையின்மேல் ஒழுங்காக விழுந்திருத்தலின், நாணயம் என்னும் தகுதியை நீக்கி அதனை வெறும் பொன்னாக்கவே வெட்டினர் என்னும் விளக்கமே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஒரு காசின் மதிப்பு அதன் பொன்னில் பாதி, அதன்மேலுள்ள முகத்தில் பாதி. நம்மவர் பொன்னை ஏற்றனர். முகத்தின் ஆணையை ஏற்கவில்லை. உரோமப் பேரரசு உலகின் பெரும்பகுதியை வாளால் பணிய வைத்த காலத்தில், அதன் செல்வத்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்டும் தலை வணங்காத ஒரு மக்கள் கூட்டம் இங்கு வாழ்ந்தது.

இக்காசுகளுட் பலவற்றில் உள்ள முகம் திபேரியஸுடையது. அவன் ஆண்ட காலம் கி.பி. 14 முதல் 37 வரை. ஈசா நபி (அலை) அவர்கள் பாலஸ்தீன மண்ணில் மக்களுக்கு நல்வழி காட்டிய காலமும் அதுவே. அம்மண்ணை அடக்கி ஆண்டவனின் முகம் பொறித்த பொன் நம் ஊர் உளியின் கீழ்க் கிடந்தது. அவ்வளவு தொலைவிலிருந்தது அந்த உலகம். அவ்வளவு அண்மையிலும் இருந்தது.

துறவிக்கு ஒரு படுக்கை

பேரரசு விட்டுச் சென்றது பொன். பொருளைத் துறந்தவர்கள் விட்டுச் சென்றது எழுத்து. புதுக்கோட்டைக்கு வடமேற்கே சித்தன்னவாசல் குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளம் உள்ளது. வழவழப்பாகச் செதுக்கப்பட்ட பதினேழு கற்படுக்கைகளும் அவற்றில் தலையணை போன்ற மேடுகளும் அங்கு உண்டு. சமணத் துறவியர் அவற்றில் படுத்தும், நோன்பிருந்தும், உண்ணாதிருந்து உயிர் நீத்தும் வாழ்வை நிறைவு செய்தனர். படுக்கைகளுள் பெரியதன் அருகே தமிழிக் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. அதன் காலத்தை அறிஞர் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டி வைப்பர். எருமிநாட்டிலிருந்து வந்த ஒரு துறவிக்கு இவ்வட்டாரத்து இளையர் இந்த இருக்கையைச் செய்தளித்தனர் என்பதே அதன் சாரம். எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்று அறிஞர் பலர் கொள்வர்.

இச்செய்தியைச் சற்றே ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். வந்தவர் வேற்று நாட்டவர், பொருளற்றவர், படையற்றவர். அவருக்கு ஊரார் பாறையைக் குடைந்து படுக்கை செய்தனர்; அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் மறவாமல் கல்லில் எழுதினர். பேரரசனின் முகத்தை வெட்டிய அதே பழங்காலம், பரதேசியான துறவியின் பிறப்பிடத்தைப் பொறித்துப் போற்றியது. இவ்விரு சான்றுகளையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி நம் முன்னோரின் உள்ளம் நமக்குப் புலனாகாது.

அக்குன்றின் மறுபுறம் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதனைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறும். தாமரைத் தடாகமும் அதில் மலர் பறிப்போரும் மீனும் பறவையும் களிறும் அங்கு வண்ணத்தில் உயிர் பெற்றிருந்தன. அவ்வோவியங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சிய சிறு பகுதியே இன்று காணக் கிடைப்பது.

நார்த்தாமலையில் சமணர் குடகு என்று மக்கள் வழங்கும் குகை, பிற்காலத்தில் திருமால் கோயிலானது. திருமயத்தில் ஒரே குன்றில் சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள் உள்ளன. கொடும்பாளூரில் மூவர் கோயில் எடுப்பித்த பூதி விக்கிரமகேசரி, மதுரையிலிருந்து வந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்கு மடம் அமைத்துக் கொடுத்தான். சமயங்களுக்கிடையே பூசல் இருந்ததே இல்லை என்று கூறுவது வரலாறு ஆகாது. பூசலும் இருந்தது, கைமாற்றமும் நடந்தது. ஆயினும் கோயில் மாறிய பின்னும் குகையின் பெயரில் சமணரை வைத்திருக்கும் மக்களின் நினைவு, மன்னரின் ஆணையைவிட நேர்மையானது.

தத்துவத் துறையிலும் இம்மரபே காணப்படுகின்றது. உலகாயதம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், நிகண்ட வாதம் எனப் பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்க மணிமேகலை கேட்பதாக ஒரு காதையே அக்காப்பியத்தில் அமைந்துள்ளது. சாத்தனார் பௌத்தர். எனினும் பிறர் கொள்கையை அவரவர் வாயாலேயே கூறச் செய்த பின்னரே தம் கொள்கையை நிறுவுகின்றார். கேட்டபின் மறுத்தல் என்பது தமிழ் மண்ணின் பழைய வழக்கம்.

இரண்டு ஐயங்கள்

இங்கு இரண்டு ஐயங்கள் எழக்கூடும். முதலாவது, நம் சமுதாயப் பெரியோர் சிலர் நல்லெண்ணத்தோடு எழுப்புவது: "குகையும் சிலையும் நமக்கு எதற்கு? அவை நம் மார்க்கத்தைச் சார்ந்தவை அல்லவே!" என்பது. அவர்கள்பால் நாம் கொண்ட மதிப்புச் சிறிதும் குறையாமல் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். திருமறை, பூமியில் பயணம் செய்து முன்சென்ற சமுதாயங்களின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு பலவிடத்தும் பணிக்கின்றது. அதன் முப்பதாவது அத்தியாயத்தின் பெயரே 'அர்ரூம்'. பாரசீகரிடம் உரோமர் அடைந்த தோல்வியும் பின்னர் அவர்கள் அடையவிருந்த வெற்றியும் அதில் பேசப்படுகின்றன. மக்காவில் துன்புற்றிருந்த ஒரு சிறு கூட்டத்திற்கு இரு பேரரசுகளின் போர் பற்றிய செய்தி பாடமாக அருளப்பட்டதெனில், அதனை விடுத்து வாழ நாம் யார்?

வரலாறும் இதனையே காட்டும். அப்பாசியக் கலீபா மஃமூன் (813–833) காலத்தில் பாக்தாது கிரேக்க நூல்களின் இரண்டாம் தாயகமாயிற்று. கிறித்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அந்நூல்களை அரபு மொழியில் பெயர்த்தார். முஸ்லிம் அறிஞர்கள் அரிஸ்டாட்டிலை 'முதல் ஆசிரியர்' என்றே வழங்கினர். அல்ஃபாராபி 'இரண்டாம் ஆசிரியர்' எனப் பெயர் பெற்றார். உண்மை எங்கிருந்து வரினும் ஏற்கத் தயங்கலாகாது என்பது அல்கிந்தியின் நிலைப்பாடு. அல்பிரூனி சமஸ்கிருதம் கற்று, பதினோராம் நூற்றாண்டில் இந்தியரின் சமயங்களையும் தத்துவங்களையும் பழிப்பின்றி எழுதினார். இவர்கள் எவரும் தம் ஈமானை இழந்தாரல்லர். பொன்னைக் கொண்டு முகத்தை விலக்கும் கலை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கற்றல் வேறு, வழிபடுதல் வேறு.

இரண்டாவது ஐயம் எதிர்த் திசையிலிருந்து வருவது. பழமை முழுவதும் ஒரே சமயத்தின் உடைமை, பிறர் யாவரும் பின்னர் வந்த விருந்தினர் என்று பேசுவோர் உளர். இதற்கு விடை கூற நாம் வேண்டியதில்லை. சித்தன்னவாசல் பாறையே கூறும். அங்கு முதலில் எழுதப்பட்ட பெயர் வெளியூரிலிருந்து வந்தவரின் பெயர். மேலும், உரோமக் கப்பல்கள் வந்த அதே பருவக்காற்றுப் பாதையில்தான் பின்னர் அரபு வணிகர் வந்தனர். பருவகாலத்தைக் குறிக்கும் 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் பருவக்காற்றின் பெயராயிற்று. கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எனத் தொடரும் நம் மாவட்டக் கடற்கரையின் முஸ்லிம் வாழ்வு அந்த நெடும்பாதையின் தொடர்ச்சியே. பழமையைக் கைவிட்டால் நம் பங்கின் சான்றை நாமே கைவிட்டவராவோம்.

செய்யத்தக்கன

இது வெறும் பெருமைப் பேச்சாக முடிந்துவிடலாகாது. நம் மாவட்டத்தின் குன்றுகள் பல கல் குவாரிகளாகிவிட்டன. எஞ்சிய குகைகளிலும் கோயிற் சுவர்களிலும் தம் பெயரையும் காதலி பெயரையும் கிறுக்கிச் செல்வோர் குறையவில்லை. அவ்வாறு கிறுக்குவோரில் கல்லூரி மாணவரும் உண்டு என்பது வேதனைக்குரியது. அன்று உளி எடுத்தவன் ஒரு காரணத்தோடு எடுத்தான். இன்று ஆணி எடுப்பவனுக்கு எந்தக் காரணமும் இல்லை.

எனவே தமிழ்த்துறைகள் தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகியவற்றைப் படிக்கும் பயிற்சியைத் தம் மாணவர்க்கு அளித்தல் வேண்டும். குடுமியான்மலையின் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டின் முன் நின்று, அதில் ஓர் எழுத்தும் தெரியாமல் திரும்பும் தமிழ் முதுகலை மாணவரைக் காணும்போது நமக்கு நாணமே மிகுகின்றது. 1910இல் தொடங்கப்பெற்ற புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் நம் கண்ணெதிரே உள்ளது. சுற்றுலாவாக அன்றி, வகுப்பாகவே அங்குச் செல்லலாம். அதன் காப்பாட்சியராகப் பணியாற்றிய ஜெ. ராஜா முகமது அவர்கள் இம்மாவட்டத்தின் வரலாற்றையும் கலையையும், சோழமண்டலக் கடற்கரை முஸ்லிம்களின் கடல் வணிகத்தையும் ஒருசேர ஆராய்ந்து நூல்கள் எழுதினார். சமணக் குகையும் மரக்கலமும் ஒரே அறிஞரின் மேசையில் இடம்பெற இயலும் என்பதற்கு அவர் பணியே சான்று.

பொற்பனைக்கோட்டையில் 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு நடத்தியுள்ளன. அம்மண் இன்னும் எவ்வளவோ சொல்லக் காத்திருக்கின்றது; கேட்பதற்குப் பயிற்சி பெற்ற செவிகளே வேண்டும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். இல்லங்களின் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் அரபுத்தமிழ்ச் சுவடிகளையும், பழைய கப்பல் கணக்குகளையும், நிலப் பத்திரங்களையும் பழங்குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அவற்றைக் கல்லூரிக்குக் காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருவது எங்கள் பொறுப்பு. மாணவச் செல்வங்களே! உங்கள் ஊர்க் குன்றிலோ குளக்கரையிலோ எழுத்துள்ள கல் ஒன்றைக் கண்டால் அதன்மீது உங்கள் பெயரை எழுதாதீர்கள். அதிலுள்ள பெயரை உங்கள் ஏட்டில் எழுதிக்கொண்டு வந்து ஆசிரியரிடம் கொடுங்கள். ஆய்வு அங்கே தொடங்குகின்றது.

எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் பயன்தரும் கல்வியை அருள்வானாக!