டாலரில் பார்த்த பைக், ரூபாயில் வந்த கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் இளைஞர்கள் முதலில் செய்யும் வேலை என்ன தெரியுமா? டெஸ்க்டாப் வால்பேப்பரை மாற்றுவதுதான். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அந்த வால்பேப்பர் பெரும்பாலும் ஒரு பெரிய வெளிநாட்டு பைக்காக இருக்கும். அதில் தவறில்லை. நானும் இன்ஜினியரிங் படித்த காலத்தில் ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் அப்படித்தான் வைத்திருந்தேன். படத்தோடு நின்றால் செலவு இல்லை. அடுத்த கிளிக்கில் விலைப் பக்கம் வருகிறதே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா வீட்டில் புதுக் கம்ப்யூட்டர். வேலைக்குச் சேர்ந்த தம்பிக்காக வாங்கியது. அவன் என்னை உட்கார வைத்து, அமெரிக்க கம்பெனி ஒன்றின் தளத்தில் ஒரு பைக்கைக் காட்டினான். "அண்ணே, டாலர் விலையை ரூபாயாக்கிப் பாத்துட்டேன். பத்து லட்சம்தான். வரி கிரி எல்லாம் சேத்தாலும் பதிமூணுக்கு மேல போகாது" என்றான்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எதுவும் பேசவில்லை. சித்திதான் அடுப்படியில் வைத்து என்னிடம் சொன்னார். தம்பியின் சேமிப்பு, வங்கிக் கடன் போக மீதிப் பணத்துக்காக வாய்க்காலை ஒட்டிய மூன்று மா நிலத்தை விற்கப் பேச்சு நடக்கிறதாம். மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். வருடா வருடம் சம்பா விளையும் நிலம். அது மட்டுமல்ல, இறக்குமதி வண்டியைப் பாதி விலைக்கு எடுத்துத் தருவதாகச் சொன்ன யாரோ ஒரு தரகருக்கு தம்பி 20 ஆயிரம் ரூபாய் முன்பணம் வேறு அனுப்பிவிட்டிருந்தான்.

சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா கேட்டார்: "ஏன் தம்பி, கம்ப்யூட்டர்ல போட்டிருக்கற வெல பொய்யாவா இருக்கும்?"

"பொய் இல்ல சித்தப்பா. ஆனா அது அமெரிக்காக்காரனுக்குச் சொன்ன வெல. நமக்குச் சொன்னது இல்ல" என்றேன்.

அன்று மாலை நாங்கள் மூவரும் எக்செல் திறந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

வரி மேல் வரி

பெரும்பாலானோர் செய்யும் தவறு, எல்லா சதவீதத்தையும் கூட்டி அடக்க விலையோடு பெருக்குவது. நிஜத்தில் ஒவ்வொரு வரியும் அதற்கு முந்தைய வரி சேர்ந்த தொகையின் மீது விழுகிறது.

முழு வண்டியாகக் கப்பலில் வந்து இறங்கும் 1600 சி.சி.க்குக் குறைந்த பைக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கப்பல் கூலி, காப்பீடு சேர்த்துத் துறைமுகத்தில் அதன் மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்று வைப்போம். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் இந்த வகைக்கு சுங்கத் தீர்வை 50 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 1600 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள பைக்குகளுக்கு 30 சதவீதம். நம் வண்டிக்கு 40 சதவீதம் என்றால் 4 லட்சம். ஆக 14 லட்சம்.

இதன் மேல் கம்பெனி, டீலர் லாபம். அது ஆளுக்கு ஆள் மாறும். கணக்குக்காக 10 சதவீதம் போடுவோம். 1 லட்சத்து 40 ஆயிரம். ஆக 15 லட்சத்து 40 ஆயிரம்.

அடுத்தது ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 40 சதவீதம். 10 லட்சத்துக்கு அல்ல, 15 லட்சத்து 40 ஆயிரத்துக்கு! 6 லட்சத்து 16 ஆயிரம். ஆக 21 லட்சத்து 56 ஆயிரம்.

கடைசியில் நம் மாநிலத்தின் வாழ்நாள் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 1 லட்சத்துக்கு மேற்பட்ட இரு சக்கர வாகனத்துக்கு 12 சதவீதம். அதுவும் முழுத் தொகை மீது. 2 லட்சத்து 58 ஆயிரத்து 720 ரூபாய்.

மொத்தம் 24 லட்சத்து 14 ஆயிரத்து 720 ரூபாய். இன்சூரன்ஸ், ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் தனி.

சதவீதங்களை வெறுமனே கூட்டியிருந்தால் 20 லட்சத்து 20 ஆயிரம்தான் வந்திருக்கும். கணக்குப் போடும் முறையில் மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் வித்தியாசம். தம்பி நினைத்த பதிமூன்று லட்சம் எங்கே, இது எங்கே!

இந்த ஷீட்டைத் தயாரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வரி விகிதங்களை ஃபார்முலாவுக்குள் எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு விகிதத்தையும் தனி செல்லில் டைப் செய்து, ஃபார்முலாவில் அந்த செல்லைக் கிளிக் செய்து சேருங்கள். ஏனென்றால் இந்த விகிதங்கள் நிலையானவை அல்ல. பெரிய பைக்குகளுக்கு 2018 பிப்ரவரி வரை 75 சதவீதமாக இருந்த தீர்வை அந்த மாதம் 50 ஆனது. 2025-ல் இன்னும் குறைந்தது. ஒவ்வொரு பட்ஜெட்டிலும், நாடுகளுக்கிடையிலான ஒவ்வொரு வர்த்தக ஒப்பந்தத்திலும் இது மாறலாம். மாறும்போது ஒரு செல்லை மட்டும் திருத்தி என்டர் தட்டினால் போதும், கீழே எல்லாம் தானாக மாறிவிடும்.

பெட்டியில் வந்தால் ஒரு விலை

அதே ஷீட்டில் பக்கத்தில் இன்னொரு நெட்டு வரிசை போடுங்கள். இது உதிரிபாகங்களாக வந்து இந்தியாவில் பூட்டப்படும் பைக்குக்கு. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் பிரித்த நிலையில் வந்தால் 2025 பட்ஜெட்டின்படி தீர்வை 10 சதவீதம். இன்ஜின் பூட்டிய நிலையில் வந்தால் 20 சதவீதம். முதல் செல்லில் அதே 10 லட்சத்தைப் போட்டு, தீர்வையை மட்டும் 10 ஆக்கினால் கடைசித் தொகை 18 லட்சத்து 97 ஆயிரத்து 280. இங்கே பூட்டும் கூலியை நான் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் பெரும்பகுதி மிஞ்சும்.

ஆகவே விலைப் பக்கத்தைப் பார்க்கும்போது முதல் கேள்வி "எத்தனை சி.சி.?" அல்ல, "முழு வண்டியாக வருகிறதா, பெட்டியில் வருகிறதா, இங்கேயே செய்கிறார்களா?" என்பதுதான்.

இதற்கு ஹார்லி டேவிட்சன் கதையே நல்ல உதாரணம். 2007-ல் இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்குப் போகவும், அமெரிக்காவின் பெரிய பைக் இங்கே வரவும் ஒரே சமயத்தில் வழி திறந்தது. 2011-ல் அந்தக் கம்பெனி ஹரியானாவின் பாவலில் வண்டி பூட்டத் தொடங்கியது. 2020 செப்டம்பரில் அந்த ஆலையை மூடுவதாக அறிவித்தது. பிறகு விற்பனையும் சர்வீஸும் ஹீரோ மோட்டோகார்ப் கைக்கு வந்தன. 2023 ஜூலையில் ஹீரோ தயாரித்த ஹார்லி எக்ஸ்440 வெளிவந்தபோது தொடக்க விலை 2 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய்! பெயர் அதே பெயர். ஆனால் 440 சி.சி. ஒற்றை சிலிண்டர். படத்தில் பார்க்கும் பெரிய ஹார்லியோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால் சுங்கச் சுவரைத் தாண்டத் தேவையில்லாத வண்டியின் விலை எங்கே நிற்கும் என்பதை அது காட்டுகிறது.

எதிர்ப்பக்கம் பாருங்கள்

வெளிநாட்டுக்காரருக்கு நம் பைக் இறக்குமதி பைக் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளில் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் தயாராகின்றன. 2018-ல் அதன் 648 சி.சி. இரட்டை சிலிண்டர் இன்டர்செப்டர் இங்கே சுமார் இரண்டரை லட்சம் ரூபாய் ஷோரூம் விலைக்கு வந்தது. அமெரிக்காவில் அதே வண்டி 5,799 டாலர். அன்றைய மதிப்பில் 4 லட்சத்தைத் தாண்டும். ஓசூரில் டி.வி.எஸ். தயாரித்த பி.எம்.டபிள்யூ. ஜி310 ஆர் வெளிநாடுகளில் விலை உயர்ந்த ஜெர்மன் பெயரோடு ஓடியது. அமெரிக்காவில் ஒரு பையன் நம் ஊர் வண்டியை வால்பேப்பராக வைத்து ஏங்கிக்கொண்டிருக்கலாம்!

அளவுகளிலும் ஏமாறாதீர்கள்

விலைக்கு அடுத்தது விவரப் பட்டியல். அமெரிக்கத் தளங்களில் எடை பவுண்டில் இருக்கும். 700 பவுண்டு என்றால் ஏதோ ஒரு எண்ணாகத் தோன்றும். 0.4536 ஆல் பெருக்குங்கள். 317 கிலோ! நம் தெருக்களில் ஓடும் கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. சில தளங்களில் பெட்ரோல், ஆயில் இல்லாத எடையைக் கொடுத்திருப்பார்கள். எந்த எடை என்று பாருங்கள்.

மைலேஜ் ஒரு கேலனுக்கு 50 மைல் என்று போட்டிருந்தால் 0.425 ஆல் பெருக்குங்கள். லிட்டருக்கு 21 கிலோமீட்டர். ஆக்டேன் எண்ணும் அப்படியே. அமெரிக்க பம்ப்பில் 91 என்று எழுதியிருப்பது நம் அளவுமுறையில் ஏறக்குறைய 95, 96. 2025-க்குள் இங்கே 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. பைக்கின் கையேட்டில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கையேடு பெரும்பாலும் பி.டி.எஃப். ஃபைலாகக் கிடைக்கும். கண்ட்ரோலையும் எஃப் கீயையும் சேர்த்து அழுத்தி "எத்தனால்" என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடினால் ஒரு நிமிட வேலை.

பிறகு நம் ஊர்ச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்–திருச்சி நான்கு வழிச் சாலையில் எந்த வண்டியும் அழகாகப் போகும். ஆனால் வீடு அங்கே இல்லையே! ஆற்றங்கரைச் சாலையில் எதிரே வைக்கோல் லாரி வந்தால் ஒதுங்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். ஐப்பசி, கார்த்திகையில் மதகு அருகே தண்ணீர் சாலை மேலே ஏறும். அந்த இடத்தில் 317 கிலோவை ஒற்றைக் காலில் தாங்கி நிற்பது யார்? வண்டி நின்றுவிட்டால் தள்ளுவது யார்? அருகில் உள்ள சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் ஷீட்டில் ஒரு வரிசையாகச் சேருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

எங்கள் பகுதியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் அதிகம். "நான் ஓட்டின வண்டியையே கொண்டுவந்துவிடுகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். அதை லக்கேஜ் சலுகையில் கொண்டுவர முடியாது. பயன்படுத்திய வாகனம் தயாரித்து 3 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். தீர்வையும் புதிய வண்டியைவிட அதிகம். இதையெல்லாம் தெரிந்துகொண்டால், "இறக்குமதி வண்டி பாதி விலையில்" என்று வரும் விளம்பரத்துக்கு என்ன அர்த்தம் என்பதும் புரிந்துவிடும். அரசாங்கத்துக்குக் கட்டும் வரியே பாதிக்கு மேல் இருக்கும்போது, பாதி விலைக்கு எவரால் தர முடியும்?

தம்பியின் 20 ஆயிரம் திரும்பி வரவில்லை. அந்த போன் நம்பர் இப்போது எடுப்பதே இல்லை. இப்படி நடந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் செய்யுங்கள். நாங்கள் புகார் செய்தபோது இரண்டு வாரம் கடந்திருந்தது.

என் கருத்து

பைக் கம்பெனிகள் தங்கள் தளத்தில் படத்தைப் பெரிதாகவும் விலையைச் சிறிதாகவும் போடுகின்றன. அமெரிக்காவில் போடும் விலையிலேயே அந்த ஊர் வரியும் கொண்டுவந்து சேர்க்கும் கூலியும் சேர்ந்திருக்காது. இங்கேயும் ஷோரூம் விலையைத்தான் முன்னால் காட்டுகிறார்கள். வண்டியைச் சாலையில் இறக்க ஆகும் முழுத் தொகையை முதல் வரியிலேயே போட வேண்டும் என்பது என் கருத்து. அவர்கள் போடும்வரை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குத்தானே வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது?

பெரிய பைக் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 24 லட்சம் கையில் இருந்து, 24 லட்சம் என்று தெரிந்தே வாங்குபவரை யாரும் தடுக்கப் போவதில்லை. பத்து லட்சம் என்று நினைத்து நிலத்தை விற்ற பிறகு மீதி பதினான்கு லட்சம் தெரியவருவதுதான் கொடுமை.

சித்தப்பா அந்த மூன்று மாவை விற்கவில்லை. தம்பியும் இன்னும் எந்த வண்டியும் வாங்கவில்லை. வால்பேப்பரையும் மாற்றவில்லை! ஆனால் போன வாரம் அந்த ஷீட்டை எனக்கு மெயிலில் அனுப்பியிருந்தான். புதிதாக மூன்று நெட்டு வரிசைகள் சேர்த்திருக்கிறான். மூன்றும் இந்தியாவில் செய்யும் வண்டிகள். அதில் ஒன்று 349 சி.சி. அந்த வண்டியின் ஜி.எஸ்.டி. செல்லில் சரியாக 18 சதவீதம் போட்டிருந்தான்.

நீங்களும் இன்று இரவே ஒரு ஷீட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பைக் மட்டுமல்ல, டாலரில் விலை பார்க்கும் எந்தப் பொருளுக்கும் உதவும்.